வாசகர் கேள்வி பதில்: மாரி மழையும் வீட்டு நுளம்பும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நுளம்பைப் பற்றியவை. திருகோணமலையில் வாடைக்காற்றோடு வரும் மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை நிற்கும். டெங்கு அதன் பின்னாலேயே மார்கழி, தை, மாசியில் ஏறும். அதனால் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே விசயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒவ்வொரு சனிக்கிழமையும் பரல், வாளி, பூச்சாடித் தட்டு எல்லாத்தையும் கவிழ்த்து ஊத்துறம். அப்படியிருந்தும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா ரோச் அடிச்சுப் பார்த்திட்டு, பரலுக்குள்ள புழு நிக்குது எண்டு சொல்லிட்டார். நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்? (உவர்மலை வாசகி)

பதில்: கவிழ்த்தது சரி, சகோதரி. தேய்க்காமல் விட்டதுதான் பிழை.

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தண்ணீருக்கு மேல் முட்டையிடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் ஊறிய சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகும். ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை இடும். இட்டவுடன் வெள்ளையாக இருக்கும் முட்டை சில மணித்தியாலங்களில் கறுத்துவிடும். ஒரு மில்லிமீற்றர் நீளம்கூட வராது. பரலின் உட்சுவரில் ரோச் வெளிச்சத்தைச் சரிவாகப் பிடித்துப் பாருங்கள். பழைய நீர்மட்டக் கோட்டை ஒட்டி, கரித்தூளை விரலால் தொட்டு வைத்தாற்போலப் புள்ளிகள் தெரியும். பாசி, அழுக்கு என்று நாம் விட்டுவிடுவது அதைத்தான்.

பரலைக் கவிழ்த்தால் தண்ணீர் போகும், முட்டை போகாது. காய்ந்தாலும் சாகாது. வெறும் பரலில் மாதக்கணக்கில், சிலவேளை ஒரு வருடத்துக்குக் கிட்டவும் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி தண்ணீர் நிரப்பி, அந்தக் கோட்டை நீர் தொட்டதும் ஓரிரு நாளில் பொரிக்கும். அதன்பின் குடம்பி (நீங்கள் சொல்லும் புழு), கூட்டுப்புழு, பறக்கும் நுளம்பு என்று மாற எங்கள் வெக்கையில் மொத்தம் ஏழு முதல் பத்து நாள் போதும். சனிக்கிழமை நிரப்பிய பரலை வியாழக்கிழமை எட்டிப் பார்த்தால் புழு நிற்கத்தான் செய்யும்.

இன்னொரு காரணமும் உண்டு. நிழல் விழுந்தவுடன் குடம்பிகள் அடிக்கு ஓடிவிடும். மேல் தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டு அடியில் நான்கு விரல் தண்ணீரை மிச்சம் விட்டால், முழுக் குடும்பமும் அங்கேதான் நிற்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பரலை முழுவதும் சரித்து, தண்ணீரைக் காய்ந்த மணலில் ஊற்றுங்கள். கானுக்குள் ஊற்றினால் குடம்பி அங்கே வளர்ந்து வரும். பிறகு சவர்க்காரத் தூளையும் சலவைக்குப் பாவிக்கும் பிளீச் திரவத்தையும் குழைத்து உட்சுவர் முழுக்கப் பூசுங்கள். நீர்மட்டக் கோட்டுக்கு மேலும் கீழும் ஒரு சாண் அகலத்துக்குத் தடிப்பாகப் பூசுங்கள். கால்மணி நேரம் விட்டு, தும்புத் தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய தண்ணீரும் மணலுக்குத்தான் போக வேண்டும். அந்தக் குழம்போடு மலசலகூடம் கழுவும் அமிலத்தை மறந்தும் கலக்காதீர்கள். அதிலிருந்து வரும் வாயு நெஞ்சை அடைக்கும். பிளீச் இல்லாவிட்டால் சவர்க்காரமும் தும்பும் போதும், கை அழுத்தம்தான் முக்கியம். கிழமைக்கு ஒரு தடவை, நாள் தவறாமல் செய்யுங்கள்.

மூடியையும் கவனியுங்கள். சாரத்துணியைப் போட்டு மூடினால் நடுவில் தொய்ந்து மழைத்தண்ணீர் தேங்கும், அதுவே இன்னொரு தொட்டியாகிவிடும். நுளம்பு வலையை விளிம்பைச் சுற்றி இழுத்து, பழைய சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டி இறுக்குங்கள். வலை தண்ணீரில் முட்டக்கூடாது. முட்டினால் ஈர வலையிலேயே முட்டையிட்டுவிடும்.

கேள்வி: எங்கட பக்கம் கிணறெல்லாம் சவர், கடலும் பக்கத்தில. உப்புத் தண்ணியில டெங்கு நுளம்பு வராது எண்டு பெரியாக்கள் சொல்லுறாங்க. உண்மையா? (கிண்ணியா வாசகர்)

பதில்: கடல் தண்ணீர் என்றால் உண்மை. சவர்த் தண்ணீர் என்றால் உண்மையில்லை. கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். மட்டக்களப்புக் கரையோரத்தில் நடந்த ஆய்வில், லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும் ஈடிஸ் குடம்பிகள் உயிரோடு வளர்ந்தன. அவை எடுக்கப்பட்ட இடங்களைக் கேளுங்கள்: எறிந்த பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்கள், கைவிட்ட மீன்பிடிப் படகுகள், பாவிக்காத கிணறுகள். இவை எல்லாம் உங்கள் கரையிலும் உண்டு. குடிக்க உவர்ப்பாக இருக்கும் தண்ணீர் நுளம்புக்குப் பெரும்பாலும் நல்ல தண்ணீர்தான்.

2017 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை நாங்கள் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. அந்த வருடம் நாடு முழுவதும் டெங்கு என்று பதிவானவர்கள் 186,000 பேருக்கும் மேல், இறந்தவர்கள் 400 பேருக்கும் மேல். கரையோரத்தில் இருப்பவர்கள் வீட்டு வளவைப் பார்ப்பதோடு நிற்காமல் வாடியையும் பார்க்க வேண்டும்.

கரைக்கு ஏற்றிய பைபர் படகை முன்பக்கம் உயர்த்தி, பின்பக்கத் தக்கையைக் கழற்றி வையுங்கள். மழைத்தண்ணீர் தானாக வடிந்துவிடும். நீண்ட நாள் ஓடாத வள்ளம் என்றால் கட்டையில் ஏற்றிக் கவிழ்த்துவிடுவது மேல். தறப்பாள் போட்டு மூடுகிறவர்கள் நடுவில் ஒரு கம்பை நீளவாக்கில் கட்டி முகடு எடுக்க வேண்டும். தட்டையாகப் போட்ட தறப்பாளின் ஒவ்வொரு மடிப்பும் ஒரு குட்டிக் குளம். மீனுக்கு ஐஸ் போடும் றெஜிபோம் பெட்டிகள் உடைந்தால் வேலியோரம் எறியாதீர்கள். இறங்குதுறையில் தொங்கும் ரயருக்கு அடிப்பக்கத்தில் மூன்று நான்கு ஓட்டை போட்டால் தண்ணீர் நிற்காது. நிலத்தில் கிடக்கும் ரயர் எப்படிப் புரட்டினாலும் உள்ளே தண்ணீர் பிடிக்கும், அதற்குள் மண்ணை நிரப்புங்கள் அல்லது கூரைக்குக் கீழே அடுக்குங்கள்.

கேள்வி: முற்றம் துப்புரவு. வளவில ஒரு சிரட்டைகூட இல்லை. ஆனாலும் பகலில குசினியில நிண்டா காலில கடிக்குது. எங்க இருந்து வருது? (பாலையூற்று வாசகி)

பதில்: வீட்டுக்குள்ளிருந்துதான். பகலில் கணுக்காலைத் தேடிக் கடிக்கிற, காலில் வெள்ளை வரியுள்ள கறுப்பு நுளம்பு பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீற்றருக்கு மேல் போவது குறைவு. குசினிக்குள் கடித்தால், குசினியிலிருந்து பத்தடிக்குள்ளேயே தேடத் தொடங்குங்கள்.

முதலில் பிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்க மோட்டருக்கு மேலே இருக்கும் தட்டைப் பாருங்கள். உள்ளே உருகும் ஐஸ் தண்ணீர் வந்து சேரும் இடம் அது. இருட்டு, மெல்லிய சூடு, ஆள் அண்டாத மூலை. அதைவிட வசதியான இடம் நுளம்புக்குக் கிடையாது. கிழமைக்கு ஒரு முறை அந்தத் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, தட்டைத் தேய்த்துத் துடையுங்கள். தட்டு கழராத பிரிட்ஜும் உண்டு. அப்படியானால் தூரிகையைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து ஓரங்களைத் தேயுங்கள். வயரைக் கழற்றிவிட்டே செய்யுங்கள்.

அடுத்தது எறும்புக்காக அலுமாரிக் கால்களின் கீழ் வைக்கும் தண்ணீர்க் கோப்பை. தண்ணீருக்குப் பதில் எரிந்த எண்ணெயை விடுங்கள். பிறகு பாத்திரம் வடியவிடும் தட்டு, போத்தலில் வளர்க்கும் மணி பிளாண்ட், சாமிப்படத்துக்கு முன் வைத்த பூச்செம்பு. விருந்தினருக்கென்று கட்டி, யாரும் போகாத மலசலகூடத்தின் சிஸ்டேர்ன் இருந்தால் கிழமைக்கு ஒரு தடவை இழுத்துவிட்டு, கொமட்டை மூடி வையுங்கள்.

வீட்டுக்குள் ஒன்றும் இல்லையென்றால் ஏணி வைத்துக் கூரைப் பீலியைப் பாருங்கள். வேப்பஞ்சருகு அடைத்து, கம்பி தொய்ந்த பீலியில் இரண்டு அங்குலத் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். கீழே நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் சரிவு இருந்தால் வடியும். சரி செய்ய வழியில்லாத பழைய பீலியைக் கழற்றிவிடுவதே நல்லது. மாடித் தாங்கியின் மூடியையும், தண்ணீர் வழிந்தோடும் குழாய் வாயையும் அதே ஏணியில் நின்று பார்த்துவிடுங்கள். குழாய் வாய்க்கு வலை கட்ட வேண்டும்.

கேள்வி: இரவில ரீங்காரம் தாங்க முடியேல்லை. இதுவும் டெங்கு நுளம்பா? (லிங்கநகர் வாசகர்)

பதில்: பெரும்பாலும் இல்லை. ஈடிஸ் சூரியன் உதித்த பின் இரண்டு மணித்தியாலமும், பொழுது சாயமுன் இரண்டு மணித்தியாலமும்தான் மும்முரமாகக் கடிக்கும். நள்ளிரவில் காதருகே பாடுவது கியூலெக்ஸ். அது அழுக்குத் தண்ணீரில், முக்கியமாக மலசலகூடக் குழியில் பெருகும். முன்பு யானைக்கால் நோயைப் பரப்பியது இந்த இனம்தான். அந்த நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் உறுதிப்படுத்தியது. குழியின் காற்றுக்குழாய் உச்சியில் நைலோன் வலையைக் கம்பியால் கட்டுங்கள். மூடியின் வெடிப்புகளைச் சீமெந்துச் சாந்தால் அடையுங்கள். இரண்டு கிழமைக்குள் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: ஆறு வயது மகனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். எப்ப டொக்டரிட்ட கொண்டுபோறது, எப்ப இரத்தம் சோதிக்கிறது, வீட்டில என்ன குடுக்கிறது? பயமா இருக்கு. (அன்புவழிபுரம், ஒரு தாய்)

பதில்: இந்தக் காலத்தில் எந்தக் காய்ச்சலையும் முதலில் டெங்கு என்று நினைத்தே நடக்க வேண்டும், அம்மா. நாளை எண்ணத் தொடங்குங்கள். காய்ச்சல் தொடங்கிய திகதியையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

முதல் இரண்டு நாளுக்குள் ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். மூன்றாம் நாள் முழுக் குருதிப் பரிசோதனை கட்டாயம். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நீரிழிவோ வேறு நீண்டகால நோயோ உள்ளவர் என்றால் முதல் நாளே போக வேண்டும். என்.எஸ்.1 என்ற பரிசோதனை முதல் சில நாட்களில் டெங்கைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அது இல்லை என்று வந்தால் டெங்கே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. மகன் 20 கிலோ என்றால் ஒரு தடவைக்கு 300 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் பன்னிரண்டரை மில்லிலீற்றர். போத்தலில் 120 என்றா 250 என்றா இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் வாசியுங்கள், வீடுகளில் நடக்கும் பெரிய தவறு அங்கேதான். காய்ச்சல் முழுவதும் இறங்கவில்லை என்று இடையில் இன்னொரு தடவை கொடுக்க வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணி நனைத்து உடம்பைத் துடைத்துவிடுங்கள். இபுபுரொபன், டைக்குளோபினக், மெபெனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் வாயாலும் வேண்டாம், பின்வழியாலும் வேண்டாம். அவை வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கும். முன்பு யாருக்கோ எழுதிக்கொடுத்த துண்டைக் காட்டிப் பார்மசியில் வாங்கும் பழக்கத்தால் போன உயிர்கள் உண்டு.

குடிக்கக் கொடுக்கும் அளவு கிலோவுக்கு 50 மில்லிலீற்றர். உங்கள் மகனுக்கு ஒரு நாளைக்கு ஒரு லீற்றர். ஐம்பது கிலோவும் அதற்கு மேலும் உள்ள பெரியவருக்கு இரண்டரை லீற்றர். வெறும் தண்ணீரை மட்டும் கொடுக்காமல் ஜீவனி, கஞ்சி, இளநீர், சூப், பழச்சாறு என்று மாற்றிக் கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். வாந்தியில் இரத்தம் வந்தால் அந்த நிறத்தில் மறைந்துபோகும். சிறுநீர் போன நேரத்தையும் அதே கொப்பியில் குறியுங்கள்.

இனித்தான் முக்கியமான விசயம். காய்ச்சல் விட்டவுடன் ஆபத்து விட்டதாக எண்ணாதீர்கள். டெங்குக் குருதிப்பெருக்கு என்று மாறும் நோயில், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியத் தொடங்கும். அந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். பிள்ளை எழும்பி விளையாடினால் நல்லது. காய்ச்சல் விட்டும் பிள்ளை சோர்ந்து கிடந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கடும் வயிற்று நோ, நிற்காத வாந்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் குளிர்தல், அமைதியின்மை, தூக்கக் கலக்கம், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குருதிச் சிறுதட்டு (பிளேற்லெற்) 100,000 இற்குக் கீழே இறங்கினாலும் வாட்டில் அனுமதிக்க வேண்டும்.

மகனைக் காய்ச்சல் உள்ள நாளெல்லாம் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். அவனைக் கடிக்கும் நுளம்பு எட்டுப் பத்து நாளில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கும், சாகும் வரை கொடுக்கும். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்தவருக்கு இன்னொரு வகை வரும்போது நோய் கடுமையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். முன்பு வந்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களைக் கூடுதலாகக் காப்பாற்ற வேண்டும்.

கேள்வி: பப்பாசி இலைச்சாறு குடுத்தா பிளேற்லெற் கூடுமாமே? (பெயர் குறிப்பிடாத வாசகர்)

பதில்: ஆபத்தான கட்டம் கடந்தால் சிறுதட்டுகள் தாமாகவே கூடும், சாறு குடித்தவருக்கும் குடிக்காதவருக்கும். டெங்கில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நீர்க்கசிவு. இலைச்சாறு அதை நிறுத்தாது. கசப்பால் வரும் வாந்தி, நோயின் வாந்தியா சாற்றின் வாந்தியா என்று வைத்தியரையும் குழப்பும். சாறு பிழியும் நேரத்தில் பிள்ளைக்கு ஒரு கோப்பை கஞ்சி பருக்குங்கள்.

கேள்வி: எங்கட ஒழுங்கையில ரெண்டு தரம் புகை அடிச்சிட்டுப் போனாங்க. மூண்டாம் நாள் பழையபடி நுளம்பு. மருந்தில தண்ணி கலக்கிறாங்களா? (மூதூர் வாசகர்)

பதில்: மருந்தைச் சந்தேகிக்க வேண்டாம். புகை பறந்துகொண்டிருக்கும் நுளம்பைத்தான் கொல்லும், அதுவும் அந்த மருந்துத் துளி உடம்பில் பட்டால்தான். தண்ணீருக்குள் இருக்கும் குடம்பிக்கும் கூட்டுப்புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. இன்று கூட்டுப்புழுவாக இருப்பது நாளைக்கோ மறுநாளோ சிறகோடு வரும். நீங்கள் மூன்றாம் நாள் கண்டது புதிதாகப் பிறந்த நுளம்பு.

ஈடிஸ் தங்குவதும் வெளியில் இல்லை. கட்டிலுக்கு அடியில், கொளுவியில் தொங்கும் உடுப்புக்குப் பின்னால், அலுமாரி மறைவில் நிற்கும். மணத்துக்குப் பயந்து கதவு யன்னலை இறுக்கிப் பூட்டினால் புகை ஒழுங்கையோடு போய்விடும். அடுத்த முறை வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லாக் கதவையும் திறவுங்கள். சாப்பாட்டையும் தண்ணீரையும் மூடுங்கள், மீன்தொட்டியைத் துணியால் மூடுங்கள், கூட்டுக் கிளியை வெளியே எடுங்கள், பிள்ளைகளோடு அரைமணி நேரம் வெளியே நில்லுங்கள். நோயாளி இருக்கும் வீட்டைச் சுற்றியுள்ள நோய் காவும் நுளம்பை உடனடியாக வெட்டி விழுத்தவே புகை. அதே நாளில் அந்த ஒழுங்கை முழுவதும் பரலையும் தொட்டியையும் தேய்த்தால்தான் அடித்த புகைக்குப் பலன்.

கேள்வி: கிணற்றுக்குள்ள அபேட் மருந்து போடலாமா, மீன் விடலாமா? குடிக்கிற தண்ணி. (நிலாவெளி வாசகர்)

பதில்: புழங்கும் கிணற்றுக்கு மீன் நல்லது. கப்பி மீன் பத்துப் பதினைந்து விட்டால் போதும், தானாகப் பெருகும். சாப்பாடு போடாதீர்கள், பசி இருந்தால்தான் குடம்பியைத் தேடும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிணறு சுத்தம் செய்யும்போது மீன் செத்துவிடும். முதலே ஒரு வாளிக்கு எடுத்து வைத்து, குளோரின் மணம் முழுவதும் போன பிறகு திரும்ப விடுங்கள். மிச்ச மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விட வேண்டாம். அங்குள்ள நம் மீன்களுக்கு அது கேடு.

அபேட் என்பது ரெமிபொஸ் என்ற மருந்து ஏற்றிய மணல். சரியான அளவில் போட்டால் குடிநீருக்கும் அனுமதி உண்டு: 1 சதவீத மணல் என்றால் 100 லீற்றர் தண்ணீருக்கு 10 கிராம். அளவு பிழைப்பது கிணற்றின் கொள்ளளவைத் தெரியாமல்தான். 1.2 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 2,260 லீற்றர் இருக்கும், 226 கிராம் வேண்டும். ஒரு கை அள்ளி எறிந்தால் அது சரியாக வராது. அதனால் சுகாதார ஊழியர்களைக் கொண்டே போடுவியுங்கள்.

பாவிக்காத கிணற்றைச் சும்மா விட வேண்டாம். இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சை என்ற நுளம்பு 2016 கடைசியில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. கிணறுகளில் அது நன்றாகவே வளரும். நைலோன் வலையைக் கிணற்றுக் கட்டைச் சுற்றி இழுத்துக் கட்டுங்கள்.

கேள்வி: கைக்குழந்தை இருக்கு. நுளம்புத்திரி, பூசுற கிறீம், வலை, எது நல்லது? (ஜமாலியா வாசகி)

பதில்: வலை. பகல் தூக்கத்துக்கும் வலைதான். ஓட்டு வீடுகளில் யன்னலுக்கு வலை அடித்தாலும், சுவருக்கும் ஓட்டுக்கும் இடையிலான இடைவெளியால் நுளம்பு தாராளமாக வரும். அதனால் கட்டில் வலையை முதலில் வாங்குங்கள். கண் அகலம் 1.2 மில்லிமீற்றர் இருந்தால் போதும், அதைவிடச் சிறிதானால் காற்று வராது. விளிம்பை மெத்தைக்குக் கீழே சுற்றிவரச் சொருகுங்கள். குழந்தையின் கை, கால் வலையில் முட்டாதபடி படுக்க வையுங்கள், முட்டும் இடத்தில் வெளியில் நின்றே கடிக்கும். மருந்தேற்றிய வலையை மென்மையான சவர்க்காரத்தில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஏறத்தாழ இருபது கழுவலுக்குத் தாங்கும்.

டீட் என்ற நுளம்பு விரட்டி உள்ள கிறீமை இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பூசக்கூடாது. லெமன் யூக்கலிப்டஸ் எண்ணெய் மூன்று வயதுக்குக் கீழ் வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கு உங்கள் கையில் எடுத்து நீங்களே பூசிவிடுங்கள். அவர்கள் விரல் வாய்க்கும் கண்ணுக்கும் போகும் என்பதால் கையில் பூச வேண்டாம். திரியைப் பூட்டிய அறைக்குள் குழந்தையோடு கொளுத்தாதீர்கள். அந்தப் புகை விறகுப் புகையைப் போலவே நெஞ்சுக்குள் போகும். விறாந்தைக் கதவுக்கு வெளியே வைத்தால் போதும்.

கேள்வி: கடிச்ச இடத்தைச் சொறிஞ்சு மகளின்ர கால் முழுக்கப் புண். என்ன பூசலாம்? (உப்புவெளி வாசகி)

பதில்: கடிக்கும்போது இரத்தம் உறையாமல் இருக்க நுளம்பு உமிழ்நீரை ஏற்றும். அந்த உமிழ்நீருக்கு உடல் காட்டும் எதிர்ப்புத்தான் தடிப்பும் கடியும். சவர்க்காரத்தால் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வையுங்கள், பிறகு கலமைன் பூசுங்கள். நகத்தைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். புண் மேல் தேன் நிறப் பொருக்குக் கட்டினாலோ, சுற்றிச் சிவந்து சூடேறினாலோ அது கிருமித்தொற்று, வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: தம்பலகாமம் வயலோரம் இருக்கிறம். வயல் நுளம்பு டெங்கு பரப்புமா? (தம்பலகாமம் வாசகர்)

பதில்: பரப்பாது. வயலில் பெருகும் கியூலெக்ஸ் இனம் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடியது. அதற்கான தடுப்பூசி குழந்தைக்கு 12 மாதம் நிறைந்ததும் கிளினிக்கில் இலவசமாகப் போடப்படும். குழந்தையின் கிளினிக் அட்டையில் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஆபிரிக்காவில வேலை செய்த தம்பி லீவில வந்திருக்கிறான். வந்து பத்தாம் நாள் குளிர் காய்ச்சல். டெங்கு இல்லை எண்டு வந்திட்டுது, வைரஸ் காய்ச்சல் எண்டு விட்டிடலாமா? (சீனக்குடா வாசகர்)

பதில்: விட வேண்டாம். இதை வாசித்தவுடன் அரச வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் மலேரியாவுக்கு இரத்தம் சோதியுங்கள், கட்டணம் இல்லை. உள்ளூரில் மலேரியா தொடர்ந்து பரவிய காலத்தின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானவர். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதனால் இன்றைய வைத்தியருக்கு மலேரியா உடனே நினைவுக்கு வராமல் போகலாம். "இந்தத் திகதி வரை இந்த நாட்டில் இருந்தவர்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். ஆபிரிக்காவில் வரும் கொடிய வகை பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் காட்டும், நாள் தாமதித்தால் மூளையைத் தாக்கும். இந்தியாவில் பரவலாக உள்ள வைவாக்ஸ் வகை ஒரு வருடம் கழித்தும் வரலாம்.

தம்பிக்கு மட்டுமில்லாமல் ஊருக்கும் இது முக்கியம். பரப்பும் நுளம்பு இன்னும் இங்கே இருக்கிறது. 1963 இல் இலங்கையில் மலேரியா 17 பேருக்கு என்ற அளவுக்கு இறங்கியது. கவனம் தளர்ந்ததும் 1969 இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. திரும்பிப் போகும்போது மலேரியா தடை இயக்கத்திடம் தடுப்பு மாத்திரை கேளுங்கள், இலவசமாகத் தருவார்கள். அதைப் போகுமுன் தொடங்கி, திரும்பி வந்த பிறகும் சொன்ன காலம் வரை விழுங்க வேண்டும்.

கேள்வி: பக்கத்து வீடு வருசக்கணக்காப் பூட்டிக் கிடக்கு. ஆக்கள் வெளிநாட்டில. மதிலுக்கு மேலால பார்த்தா தொட்டி நிறையத் தண்ணி. நாங்கள் என்ன செய்யலாம்? (திருகோணமலை நகர வாசகர்)

பதில்: உங்கள் அக்கறைக்குச் சட்டத்தின் பலமும் உண்டு. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் சட்டத்தின்படி, வீட்டையும் வளவையும் நுளம்பு பெருகாமல் வைத்திருப்பது உரிமையாளரின் அல்லது குடியிருப்பவரின் கடமை. வெளிநாட்டில் இருப்பதால் அது இல்லாமல் போகாது.

முதலில் உறவுமுறையில் முயலுங்கள். தொட்டியைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பி, திறப்பு யாரிடம் என்று கேளுங்கள். பலருக்குத் தங்கள் வளவின் நிலை தெரியாது. ஒரு கிழமைக்குள் பதில் இல்லாவிட்டால் உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுதுங்கள். வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர், தொட்டி வளவின் எந்த மூலையில், அயலில் யாருக்காவது காய்ச்சல் வந்ததா, வந்தால் எந்தத் திகதியில் என்று எழுதிப் படத்தையும் இணையுங்கள். நீங்களாக மதில் ஏறிக் குதிக்க வேண்டாம்.

திறப்புக் கிடைத்து உள்ளே போகிற நாளில், தொட்டியை இறைத்துவிட்டு உட்சுவரைத் தேய்க்காமல் திரும்பாதீர்கள். வருடக்கணக்காகக் கிடந்த தொட்டியில் முட்டைக் கோடு ஒன்றோடு நிற்காது. ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு மட்டத்தில், அடி முதல் விளிம்பு வரை இருக்கும். தேய்த்த பிறகு அடியில் ஓட்டை போட்டு விடுங்கள், அல்லது மண் நிரப்புங்கள். அடுத்த மழைக்கு அங்கே தண்ணீர் நிற்காது.